பனியில் ஊமையான பெட்டி



முப்பத்து நான்கு ஆண்டுகள் பள்ளிக்கூடத்தில் பௌதிகம் கற்பித்தவன் நான். அவற்றுள் கடைசி ஒன்பது ஆண்டுகள் தலைமையாசிரியன் என்ற பொறுப்பும் சேர்ந்திருந்தது. அவ்வளவு காலமும் ஒரு பாடத்தை நான் பாதி மட்டுமே கற்பித்து வந்தேன் என்பது, ஓய்வு பெற்று மூன்றாண்டுகள் கழிந்த பின்னரே எனக்குத் தெரிய வந்தது. அதைத் தெரிவித்தவர் என்னிடம் பத்தாம் வகுப்புப் படித்த மாணவர் ஒருவர். இப்பொழுது அவர் அமெரிக்க நாட்டின் வயோமிங் மாநிலத்தில் கால்நடை மருத்துவராக இருக்கிறார். அவர் எழுதிய கடிதத்தையும், அதற்கு விடை காண நான் பட்ட பாட்டையும் இன்று உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

வயோமிங் மாநிலம் ஆடு வளர்ப்புக்குப் பேர் பெற்றது. பரந்த புல்வெளி, குளிர்காலத்தில் எங்கு நோக்கினும் பனி. சனவரி மாதத்து விடியற்காலையில் வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே இருபது பாகை செல்சியஸ் வரை இறங்குவது அங்கு வியப்பன்று. அப்புல்வெளிகளில் கொயோட்டி என்றொரு விலங்கு உண்டு. நாய்க் குடும்பத்தைச் சேர்ந்தது. ஓநாயைவிடச் சிறியது, நம் நரியைவிடச் சற்றுப் பெரியது. எலி, முயல் முதலியவையே அதன் இயல்பான உணவு. ஆயினும் ஆட்டுக்குட்டிகளையும் அது கொண்டுபோய்விடுவதால், மந்தை வைத்திருப்போருக்கும் அதற்கும் தீராப் பகை.

அதை வேட்டையாடுவோர் ஒலியால் ஏமாற்றி அருகில் வரவழைக்கும் ஓர் உபாயத்தைக் கையாளுகிறார்கள். அடிபட்ட முயல் எழுப்பும் ஓலத்தைப் போலக் குரல் கொடுத்தால், எளிய இரை கிடைத்தது என்று கொயோட்டி தேடி வரும். முன்னாளில் இதை வாயால் ஊதும் குழல்களைக் கொண்டு செய்தார்கள். 1960களில் டெக்ஸாஸ் மாநிலத்து வேக்கோ நகரைச் சேர்ந்த ஜானி ஸ்டூவர்ட் என்பவர் விலங்குகளின் உண்மையான குரல்களைப் பதிவு செய்து ஒலித்தட்டுகளாக விற்றார். பின்னர் ஒலிநாடாக்கள் வந்தன. இப்பொழுதோ நூற்றுக்கணக்கான குரல்களைத் தன்னுள் அடக்கிய மின்னணுப் பெட்டி வந்துவிட்டது. பெட்டியை ஒரு புதரடியில் வைத்துவிட்டு, நூறு கெஜம் தள்ளி அமர்ந்து, கையிலுள்ள சிறு கருவியால் அதை இயக்கலாம். இதற்கு உயிர் கொடுப்பவை, நாம் கடையில் பென்சில் செல் என்று கேட்டு வாங்குகிறோமே, அந்த ஏ.ஏ. அளவு மின்கலங்கள். சில பெட்டிகளில் நான்கு, சிலவற்றில் எட்டு, சிலவற்றில் பத்து.

என் மாணவர் எழுதிய செய்தி இது. அவருடைய அண்டை வீட்டார் ஒருவர் ஆட்டு மந்தை வைத்திருக்கிறார். அவரோடு துணையாக ஒரு சனவரி விடியலில் இவரும் சென்றிருக்கிறார். பெட்டிக்குப் புதிய மின்கலங்கள் எட்டு வாங்கிப் போடும் வேலை இவருடையது. பௌதிகம் படித்தவர் அல்லவா? ஒவ்வொன்றையும் வோல்ட்டுமீட்டரால் அளந்து பார்த்து, எல்லாம் ஒன்றரை வோல்ட்டுக்குமேல் காட்டின என்று மனநிறைவோடு போட்டிருக்கிறார். புல்வெளியில் பொத்தானை அழுத்தியதும் பெட்டியின் சிறு விளக்கு எரிந்தது. முயலின் முதல் ஓலம் பாதி வெளிவந்தது. உடனே எல்லாம் அணைந்தது. மீண்டும் அழுத்தினால் விளக்கு எரிகிறது. குரல் தொடங்கியதும் அணைகிறது. இப்படி ஐந்தாறு முறை. விடிந்துவிட்டது. வெறுங்கையோடு வீடு திரும்பி, கணப்பருகே பெட்டியை வைத்துவிட்டுத் தேநீர் அருந்தினார்களாம். அரைமணி கழித்து எதற்கோ பொத்தானைத் தொட, அந்தப் பெட்டி கூடமே அதிர ஓலமிட்டது. மின்கலங்களை மறுபடியும் அளந்தால் ஒவ்வொன்றும் அதே ஒன்றரை வோல்ட்டு!

“ஐயா, ஒன்றரை வோல்ட்டு காட்டினால் மின்கலம் நல்லது என்று தாங்கள்தாம் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தீர்கள். அப்படியானால் புல்வெளியில் நடந்தது என்ன?” என்று கேட்டிருந்தார்.

இக்கடிதத்தைப் படித்ததும் எனக்கு இரண்டு சங்கடங்கள் தோன்றின. ஒன்று, விடை தெரியாத சங்கடம். மற்றது, விடை சொல்லத்தான் வேண்டுமா என்ற சங்கடம். கடிதத்தோடு அந்த ஒலிப்பதிவையும் அவர் அனுப்பியிருந்தார். அதை நான் கேட்டுக்கொண்டிருந்தபோது சமையற்கட்டிலிருந்த என் மனைவி ஓடிவந்து, “யார் வீட்டுக் குழந்தை இப்படி அழுகிறது?” என்றாள். முயலின் மரண ஓலம் கைக்குழந்தையின் அழுகையைப் போன்றே இருக்கிறது. அன்று இரவு நான் பதில் எழுதவில்லை.

நம் நாட்டில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972ஆம் ஆண்டு முதல் இருக்கிறது. அச்சட்டத்தின்படி வனவிலங்குகளை வேட்டையாடுதல் குற்றம். பொறி வைத்துப் பிடிப்பதும் வேட்டை என்றே கொள்ளப்படும். ஆகவே இத்தகைய பெட்டியைக் கொண்டு நம் காடுகளில் எதையும் அழைத்துக் கொல்ல எண்ணுவோர் யாரும் இப்பேச்சைக் கேட்டு ஊக்கம் கொள்ள வேண்டா. அமெரிக்க நாட்டிலும் எல்லாவற்றுக்கும் இடமில்லை. வலசை வரும் வாத்துகளையும் பெரும்பாலான பறவைகளையும் பதிவு செய்த குரலால் அழைத்துச் சுடுவதை அந்நாட்டு மத்திய அரசு தடை செய்திருக்கிறது. வெண்பனி வாத்துகள் அளவுக்கு மிஞ்சிப் பெருகி, வடதுருவத்தை அடுத்த தந்திர நிலத்தின் புல்பூண்டுகளை வேரோடு மேய்ந்து அழித்தபோது மட்டும், 1999ஆம் ஆண்டில் அவற்றுக்கென ஒரு விலக்கு அளிக்கப்பட்டது. கொயோட்டி விஷயத்தில் மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறுபடும். இவற்றையெல்லாம் படித்தறிந்த பின், என் மாணவரின் செயல் அவர் வாழும் ஊரின் சட்டத்துக்கு உட்பட்டது என்று தெளிந்தேன். ஆயினும் மனம் முழுவதும் ஆறிவிட்டது என்று சொல்லமாட்டேன். மின்கலத்தைப் பற்றிய கேள்விக்கு விடை சொல்வது ஆசிரியன் கடமை என்று மட்டும் முடிவு செய்துகொண்டேன். ஆந்தைகளைக் கணக்கெடுக்கும் ஆய்வாளர்களும் இதே போன்ற பெட்டியைத்தான் இரவில் தூக்கிச் செல்கிறார்கள். அவர்களுக்கும் இதே கேள்வி உண்டு.

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்த முதல் விதி, தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல் என்பது. ஆகவே வீட்டில் உள்ளதைக் கொண்டே தொடங்கினேன். நான் முதலில் சோதித்தது நாம் எங்கும் வாங்கும் ஆல்கலைன் மின்கலங்கள் எட்டு. அவற்றைத் தொடராக இணைத்து, வோல்ட்டுமீட்டரை வைத்தேன். பன்னிரண்டே முக்கால் வோல்ட்டு. பிறகு மோட்டார் வண்டியின் பக்கத்தில் மினுக்குமே, அந்தப் பன்னிரண்டு வோல்ட்டு, இருபத்தொரு வாட்டு விளக்கை அவற்றோடு இணைத்தேன். முள் பத்து வோல்ட்டுக்கு இறங்கிற்று. விளக்கைக் கழற்றினேன், முள் மீண்டும் மேலே ஏறிவிட்டது. அடுத்து, அந்த எட்டையும் ஈரம் புகாத டப்பாவில் வைத்து மூடி, குளிர்ப்பெட்டியின் உறைபனி அறையில் ஓர் இரவு முழுவதும் வைத்தேன். அங்கே உறைநிலைக்குக் கீழே பதினெட்டு பாகை. வயோமிங் விடியற்காலைக்குக் கிட்டத்தட்ட ஒப்பாகும். காலையில் எடுத்ததும் அளந்தேன். பன்னிரண்டரை! ஏறத்தாழ முன்போலவே. விளக்கை இணைத்தேன். ஏழுக்குச் சரிந்து, ஒரு நிமிடத்துக்குள் ஆறைத் தொட்டது. விளக்கு எரிகிறது என்று சொல்லலாமே தவிர, வெளிச்சம் என்று சொல்ல இயலாது.

நண்பர்களே, நான் மாணவர்களுக்குச் சொல்லாமல் விட்ட பாதி இங்கே இருக்கிறது. வோல்ட்டுமீட்டர் மின்கலத்திடம் வேலை எதுவும் வாங்குவதில்லை. சும்மா இருக்கும் ஒருவனைப் பார்த்து, “உன் உடம்பு எப்படி?” என்று கேட்பது போல அது கேட்கிறது. மூட்டையைத் தோளில் ஏற்றிய பிறகல்லவா அவன் வலிமை தெரியும்? மின்கலத்தினுள்ளே ஒரு தடை மறைந்திருக்கிறது. அதை அகமின்தடை என்கிறோம். மின்னோட்டம் பாயும்பொழுதுதான் அத்தடை தன் பங்கை எடுத்துக்கொள்ளும். மின்னோட்டம் இல்லாதபோது அது இருப்பதே தெரியாது. பாடப் புத்தகத்தில் இதற்கென ஒரு சூத்திரம் இருக்கிறது. நானும் அதைக் கரும்பலகையில் எழுதினேன். இரண்டு கணக்கும் போடச் சொன்னேன். ஆனால் சோதனைக்கூடத்தில் மின்கலத்தைத் தேர்ந்தெடுக்கும்போது வெறும் வோல்ட்டுமீட்டரையே கையில் கொடுத்தேன்.

பென்சில் வைத்திருப்பவர்கள் இந்தக் கணக்கைக் குறித்துக்கொள்ளுங்கள். புதிய ஆல்கலைன் மின்கலம் ஒன்றின் அகமின்தடை, அறை வெப்பத்தில் ஏறத்தாழ 0.2 ஓம் என்று கொள்வோம். எட்டுக்கு 1.6 ஓம். முயல் ஓலம் உச்சத்தில் ஒலிக்கும்போது பெட்டி ஒரு கணம் 2 ஆம்பியர் கேட்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் பெருக்கினால் 3.2 வோல்ட்டு. இது உள்ளேயே செலவாகிவிடும். 12 வோல்ட்டில் எஞ்சியது 8.8. கடுங்குளிரில் அந்தத் தடை இருமடங்குக்கும் மேலாகிறது; 0.45 என்று கொண்டால், எட்டுக்கு 3.6 ஓம், உள்ளே இழப்பது 7.2 வோல்ட்டு, வெளியே வருவது 4.8. ஏழு வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் தானே அணையும்படி அமைத்த பெட்டி அணையாமல் என்ன செய்யும்? அணைந்தவுடன் மின்னோட்டம் நின்றுவிடுகிறது, மின்னழுத்தம் பழையபடி எழுகிறது, விளக்கு எரிகிறது. மீண்டும் குரல், மீண்டும் சரிவு. கணப்பருகே வைத்துச் சூடேறியதும் தடை குறைந்துவிட்டது. பெட்டிக்குப் பேச்சு வந்துவிட்டது. என் மாணவரின் புதிர் இவ்வளவுதான்.

குளிரில் தடை ஏன் மிகுகிறது? ஆல்கலைன் மின்கலத்தினுள் துத்தநாகத்தூளும் மாங்கனீசு டை ஆக்ஸைடும் இருக்கின்றன. இடையே பொட்டாசியம் ஹைட்ராக்ஸைடு கலந்த நீர். மின்னோட்டம் பாய வேண்டுமானால் அந்நீரில் அயனிகள் நீந்திச் செல்ல வேண்டும். குளிர்ந்தால் கரைசல் தடிக்கிறது. அயனிகள் தளர்நடை போடுகின்றன. இரசாயன மாற்றமும் மெதுவாகிறது. மின்கலத்தில் உள்ள சரக்கு எங்கும் போய்விடவில்லை. களஞ்சியம் நிறைய நெல் இருக்கிறது, வாசல் குறுகிவிட்டது. இவ்வகை மின்கலங்களைச் செய்வோர் பொதுவாக உறைநிலைக்குக் கீழே பதினெட்டு பாகை வரைதான் அதைப் பயன்படுத்தச் சொல்கிறார்கள். அந்த எல்லையிலும் மெல்லிய மின்னோட்டத்தைத்தான் அதனிடம் எதிர்பார்க்கலாம். சுவர்க் கடிகாரம் ஓடும். ஓலமிடும் பெட்டி ஓடாது.

என் இரண்டாவது சோதனைக்கு, மறுபடியும் மின்னேற்றக்கூடிய நிக்கல் உலோக ஹைட்ரைடு மின்கலங்கள் எட்டை வாங்கினேன். கடைக்காரர் நல்லவர். “ஐயா, இது ஒன்றேகால் வோல்ட்டுகூட இல்லை, ஒன்று புள்ளி இரண்டுதான், உங்கள் பெட்டிக்குப் போதாதே” என்று எச்சரித்தார். அவர் சொன்னதில் தவறில்லை. எட்டும் சேர்ந்தால் 9.6 வோல்ட்டுத்தானே? பன்னிரண்டு வேண்டிய இடத்தில் இது எப்படி எடுபடும் என்று நானும் ஐயுற்றேன். மின்னேற்றி முடித்ததும் அளந்தேன், பத்தே முக்கால். விளக்கை இணைத்தேன், பத்தில் நின்றது. உறைபனி அறையில் ஓர் இரவு வைத்து எடுத்து, விளக்கை இணைத்தேன். ஒன்பதேகால். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம், ஐந்து நிமிடம், முள் அசையவில்லை. விளக்கு நன்றாக எரிந்துகொண்டிருந்தது. பன்னிரண்டே முக்காலில் தொடங்கிய ஆல்கலைன் ஆறுக்கு வந்துவிட்டது. பத்தே முக்காலில் தொடங்கிய இது ஒன்பதேகாலில் நிற்கிறது. நிக்கல் உலோக ஹைட்ரைடு மின்கலத்தின் அகமின்தடை, ஆல்கலைன் தடையில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. குளிரில் அதுவும் ஏறும். ஆயினும் ஏறிய பிறகும் சிறிதே. அந்த வயதில் சமையற்கட்டில் நின்றுகொண்டு கைதட்டினேன் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை.

இதில் வாங்குவோர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. மின்கலத்தின் மேல் இத்தனை மில்லி ஆம்பியர் மணி என்று ஓர் எண் அச்சிட்டிருக்கும். அதுதான் கொள்திறன். எண் பெரிதாக இருப்பதைப் பார்த்து வாங்குவதே நம் வழக்கம். ஆல்கலைன் மின்கலத்துக்கு 2,500 அல்லது 3,000 என்று சொல்லப்படும் கொள்திறன், சுவர்க் கடிகாரம் போல மிகச் சிறிது சிறிதாகக் கேட்டால் கிடைப்பது. ஒரு ஆம்பியர் வேகத்தில் கேட்டால் அதில் பாதி கிடைப்பதும் அரிது. நிக்கல் உலோக ஹைட்ரைடு 2,000 என்று சொன்னால், வேகமாகக் கேட்டாலும் ஏறத்தாழ அந்த 2,000 தரும். அதிலும் 2,500 என்று எழுதியவற்றைவிட 2,000 என்று எழுதிய நல்ல கலங்கள் நீண்டகாலம் உழைக்கின்றன; கொள்திறனை மிகைப்படுத்த உள்ளே தகடுகளை நெருக்கி அடைத்தால் ஆயுள் குறைகிறது. முன்பெல்லாம் இவ்வகைக் கலங்களில் ஏற்றி வைத்த மின்சாரம் சில வாரங்களில் தானே வடிந்துவிடும். 2005ஆம் ஆண்டில் ஜப்பானின் சான்யோ நிறுவனம், ஓராண்டு வைத்திருந்தாலும் பெரும்பகுதியைத் தக்கவைத்துக்கொள்ளும் கலங்களை வெளியிட்டது. அதன் பிறகு அக்குறை பெரும்பாலும் நீங்கிவிட்டது. வாங்கும்போது இவ்வகைதானா என்று கேட்டு வாங்க வேண்டும்.

துணிந்து பொய் சொல்லும் எண்களும் சந்தையில் உலவுகின்றன. 18650 என்று பெயருள்ள உருண்டை லிதியம் அயனிக் கலத்தில் 9,900 மில்லி ஆம்பியர் மணி என்று அச்சிட்டு விற்கிறார்கள். உலகில் நன்கு தயாரிக்கப்படும் கலங்களே அந்த அளவில் அதில் பாதியைக்கூட எட்டுவதில்லை. நெல்லில் பதரை அறிவது போல, இதைத் தூக்கிப் பார்த்தே பல சமயம் அறியலாம். போலிக் கலம் எடை குறைந்திருக்கும்.

லிதியம் என்ற சொல்லால் மாணவர்கள் குழம்புவது வழக்கம் ஆதலின் அதைச் சற்று நின்று விளக்க வேண்டும். ஒரே பெயரில் இரண்டு வேறு பொருள்கள் இருக்கின்றன. முதலாவது, லிதியமும் இரும்பு டைசல்பைடும் சேர்ந்த, ஒருமுறை மட்டுமே பயன்படும் ஒன்றரை வோல்ட்டு மின்கலம். இதன் கரைசலில் தண்ணீரே கிடையாது. ஆகவே உறைநிலைக்குக் கீழே நாற்பது பாகையிலும் வேலை செய்யும். எடையும் குறைவு, ஆல்கலைன் 23 கிராம் என்றால் இது 15 கிராம். பல ஆண்டுகள் பெட்டியில் கிடந்தாலும் கெடாது. விலைதான் பல மடங்கு. இதற்கு மின்னேற்ற முயல்வது ஆபத்து. புதிதாக இருக்கையில் இது 1.8 வோல்ட்டுவரை காட்டும். எட்டுச் சேர்ந்தால் பதினான்குக்கு மேல் போகும். பெட்டியைச் செய்தவர் அதற்கு இசைவு கொடுத்திருக்கிறாரா என்று கையேட்டில் பார்த்த பின்னரே போட வேண்டும்.

இரண்டாவது, லிதியம் அயனி மின்கலம். சோனி நிறுவனம் 1991இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. இதன் ஆக்கத்துக்காக ஜான் குடினஃப், ஸ்டான்லி விட்டிங்காம், அகிரா யோஷினோ ஆகிய மூவருக்கும் 2019இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. நம் சட்டைப்பையிலுள்ள தொலைபேசியில் இருப்பது இதுவே. ஒரு கலத்தின் மின்னழுத்தம் 3.7 வோல்ட்டு. இங்கேதான் பேராபத்து ஒளிந்திருக்கிறது. 14500 என்ற பெயரில் வரும் லிதியம் அயனிக் கலம் பென்சில் செல்லின் அளவேதான். பெட்டியின் குழியில் கச்சிதமாக அமர்ந்துகொள்ளும். எட்டைப் போட்டால் பன்னிரண்டு வோல்ட்டு வேண்டிய இடத்தில் ஏறத்தாழ முப்பது வோல்ட்டு பாயும்! அமர்கிறது என்பதற்காக ஒன்றை அங்கே வைக்கலாகாது. இந்தப் பெட்டிகளுக்கென்றே செய்து விற்கும் லிதியம் அயனி அடுக்குகள் நல்லவை; ஆனால் அவற்றை உறைநிலைக்குக் கீழான குளிரில் மின்னேற்றக் கூடாது. ஏற்றினால் லிதியம் உலோகமாகவே தகட்டின் மேல் படிந்து, கலம் பழுதாகும். பின்னர் தீப்பிடிக்கவும் கூடும். குளிரிலிருந்து கொண்டுவந்ததை அறை வெப்பத்துக்கு வரவிட்டு, அதன் பின்னரே மின்னேற்றியில் வைக்க வேண்டும்.

மோட்டார் சைக்கிளில் உள்ளது போன்ற ஈய அமில பாட்டரியை வெளியே இணைத்துக்கொள்வாரும் உண்டு. பன்னிரண்டு வோல்ட்டு, ஏழு ஆம்பியர் மணி உள்ள ஒன்று இரண்டு கிலோவுக்கு மேல் கனக்கும். வண்டியருகே அமர்ந்திருப்பவருக்குச் சரி. பனியில் இரண்டு மைல் நடப்பவர் அதைச் சுமக்க விரும்பமாட்டார். அன்றியும் அது வெறுமையாகிவிட்டால் உள்ளிருக்கும் அமிலம் வலுவிழந்து நீரை ஒத்துவிடுவதால், கடுங்குளிரில் உறைந்து வெடித்தும் போகும்.

பழைய மின்கலத்தையும் புதியதையும் கலந்து போடுவது நம் வீடுகளில் அன்றாடம் நடக்கும் பிழை. டார்ச்சு விளக்கு மங்கினால் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்போம். எட்டு கலங்கள் தொடரில் இருக்கும்போது இது பெருங்கேடு. இளங்காளையையும் கிழக்காளையையும் ஒரே நுகத்தில் பூட்டினால் கிழக்காளை இழுபட்டுச் சாகும். அவ்வாறே முதலில் வெறுமையாகும் கலத்தின் ஊடே மற்ற ஏழும் மின்னோட்டத்தைத் தள்ளி, அதன் துருவங்களையே தலைகீழாக்கிவிடும். நிக்கல் கலம் அவ்வாறு புரண்டால் பழைய நிலைக்கு முழுவதும் திரும்புவதில்லை. எட்டையும் ஒன்றாக வாங்கி, ஒரே அடையாளம் இட்டு, ஒன்றாகவே மின்னேற்றி, ஒன்றாகவே பயன்படுத்த வேண்டும். மின்னேற்றியும் ஒவ்வொரு கலத்தையும் தனித்தனியே கவனிப்பதாக இருத்தல் நலம்.

வேலை முடிந்ததும் ஆல்கலைன் கலங்களைக் கருவியிலிருந்து எடுத்துவிட வேண்டும் என்பதற்கு என் வீட்டுப் பழைய டிரான்சிஸ்டர் வானொலிப்பெட்டியே சாட்சி. ஒரு கோடை விடுமுறைக்கு ஊர் சென்று திரும்புவதற்குள் உள்ளே காரம் கசிந்து, வில்கம்பிகளைப் பச்சையாக அரித்துவிட்டது. என் தந்தையார் வாங்கிய பெட்டி அது. தீர்ந்த கலங்களைக் குப்பையிலும் எறியலாகாது. நம் நாட்டில் 2022ஆம் ஆண்டின் பாட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் அவற்றைத் திரும்பப் பெறும் பொறுப்பைத் தயாரிப்பாளர்மீது சுமத்தியிருக்கின்றன.

இவற்றையெல்லாம் ஒரு நீண்ட கடிதமாக எழுதினேன். “தம்பி, அன்று பிழை செய்தவன் நீ அல்லன்; வோல்ட்டுமீட்டரை மட்டும் உன் கையில் கொடுத்த நான். உன் பெட்டியின் கையேடு இசைந்தால் வழக்கமான நாட்களுக்கு நிக்கல் உலோக ஹைட்ரைடு எட்டு வாங்கிக்கொள். இருபது பாகைக்கும் கீழே இறங்கும் நாட்களுக்கு, ஒருமுறை பயன்படும் லிதியம் கலங்கள் எட்டைத் தனியே வைத்துக்கொள். இரண்டையும் கலக்காதே. இயக்கும் சிறு கருவியைச் சட்டையின் உட்பையில் உடம்பின் சூட்டிலேயே வைத்திரு. வீட்டில் சோதிக்கும்போது, குரலை உச்சத்தில் ஒலிக்கவிட்டு, அந்த நேரத்தில் வோல்ட்டுமீட்டரைப் பார். முதல் இரவு பெட்டியை வெளித் திண்ணையில் வைத்துவிட்டுக் காலையில் சோதித்துப் பார்” என்றெல்லாம் எழுதினேன். கடைசியில், ஆட்டுக்குட்டிகளைக் காக்கக் காவல் நாய்களை வளர்ப்பவர்களும் அப்பக்கத்தில் உண்டு என்று படித்தேன், அண்டை வீட்டாரிடம் அதைப் பற்றியும் பேசிப் பார்க்கலாமே என்று ஒரு வரி சேர்த்தேன். ஆசிரியனுக்கு அவ்வளவு உரிமை உண்டு என்று எண்ணினேன்.

அடுத்த மாதம் பதில் வந்தது. காவல் நாயைப் பற்றி அவர் ஒன்றும் எழுதவில்லை. பிப்ரவரியில் மீண்டும் ஒரு விடியலில் சென்றார்களாம். உறைநிலைக்குக் கீழே பதினேழு பாகை. பெட்டி எட்டு மணிவரை ஒரு தடவைகூட அணையாமல் ஓலமிட்டது. கொயோட்டி எதுவும் வரவில்லை. ஆனால் பெரிய கோட்டான் ஒன்று அரவமின்றிப் பறந்து வந்து, உள்ளே முயல் இருப்பதாகவே எண்ணி ஒலிபெருக்கியை நகங்களால் பற்றித் தூக்க முயன்றதாம். இருவரும் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு, அது சலித்துப்போய்ப் பறந்து செல்லும்வரை மூச்சடக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மின்னேற்றியில் வைத்த எட்டில் ஒரு கலம் மட்டும் மற்றவற்றைவிட மிக விரைவில் நிறைந்துவிட்டதாகக் காட்டுகிறது, அது ஏன் என்று கடிதத்தின் அடியில் கேட்டிருக்கிறார். அந்தக் கலம் முதுமையடையத் தொடங்கிவிட்டது என்றே நினைக்கிறேன். எனினும் இம்முறை ஊகித்து எழுதப் போவதில்லை. என்னிடமுள்ள எட்டையும் நாளை மின்னேற்றியில் வைத்து, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, ஒவ்வொன்றாகக் குறித்த பிறகுதான் பதில் எழுதுவேன்.